அப்பத்தாவின் காதுக்கு ஒத்துக்கொண்ட சிந்தசைசர்

சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை நாமே கோத்துச் செய்துகொள்ளும் கிட் ஒன்று வாங்கினேன். கிட்டைப் பிரித்ததும் நான் செய்த முதல் தப்பு, உள்ளே இருந்த சின்னச் சின்ன மின் பாகங்களையெல்லாம் பட்டாலை என்கிற கூடத்துத் தரையில் கொட்டியதுதான். கோட்டையூரில் எங்கள் ஐயா வீட்டுப் பட்டாலை முழுக்க ஆத்தங்குடிக் கல். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பூ ஓடிய தரை. ரெசிஸ்டர்களின் உடம்பில் இருக்கும் வண்ணக் கோடுகளும் அதே நிறங்கள். அரிசியளவு கண்ணாடி டயோடு ஒன்று உருண்டு போய் ஒரு பூவிதழுக்குள் மறைந்துகொண்டது. சாயங்காலம் வீடு கூட்டும்போதுதான் விளக்குமாற்றில் வந்தது.

அதற்குள் அப்பத்தா அடுப்படியிலிருந்து பழைய பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். "இதுல போட்டு வையி ஆத்தா, குழிக்கு ஒண்ணா." நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டுக் காகிதம் போட்டு, அதன்மேல் பென்சிலால் மதிப்பை எழுதினேன். 10 கிலோ ஓம் ஒரு குழி, 270 ஓம் ஒரு குழி, 100 நானோஃபாரட் கெபாசிட்டர்கள் ஒரு குழி. ரெசிஸ்டர்களை வண்ணக் கோட்டை நம்பிப் பிரிக்காதீர்கள். மாலை வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்து அளந்து குழியில் போடுங்கள். அரைமணி நேர வேலை. பிற்பாடு இரண்டு நாள் தலைவலியை மிச்சப்படுத்தும்.

கிட் பெரிதொன்றும் இல்லை. செய்து முடித்தால் வெற்றிலைப் பெட்டி அளவுதான் வரும். பாகங்களைப் பொருத்தும் ஒரு பிசிபி பலகை, ஐந்து திருகு குமிழ்கள், ஒன்பது பொத்தான்கள், இயர்போன் சொருகும் ஜாக், நடுவில் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சில்லுக்குள் அடங்கிய குட்டிக் கணினி. மின்னணு வேலை பழகுபவர்கள் வாங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் உட்கார்ந்திருக்கும் அதே ஐசி. 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், நிரல் வைக்க 32 கிலோபைட், வேலை செய்யும்போது கணக்குப் போட்டுக்கொள்ள வெறும் 2 கிலோபைட் நினைவகம். இன்றைய போனில் ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஒரு வாத்தியம் அடங்குமா என்பதுதான் எனக்கு ஆசையாக இருந்தது. நிரல் திறந்த மூலம் என்பதால் பிடிக்காததை நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம். அதற்காகவே வாங்கினேன்.

சின்ன வயதில் ஆறு வருஷம் வீணை கற்றுக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுபோனது. இப்போது வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை. அப்பத்தாவின் வீணை வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் உள்ள அறையில், உறை போட்டபடி சுவரில் சாய்ந்து கிடக்கிறது. விரல் வைத்து அழுத்தும் உலோகக் கம்பிகளான மெட்டுகளைத் தாங்கும் மெழுகு வெயிலில் இளகி, காய்ந்து, வெடித்துவிட்டது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கதை அங்கேதான் போய் நிற்கும்.

ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கோர்க் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த என்டிஎஸ்-1 போன்ற சிந்தசைசர்களில் பலகைகளை ஒடித்துப் பிரித்து, திருகாணி முடுக்கினால் போதும். ஒலி அருமையாக இருக்கும். ஆனால் எனக்கு ஈயம் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் காரைக்குடியில் மிக்ஸி, ரேடியோ பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர். மூன்று மாலை அவர் கடையில் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க ஒரு பழைய டிவி பலகையிலிருந்து பாகங்களைக் கழற்றி மறுபடி வைக்கச் சொன்னார். நான் ஈயக் கம்பியைச் சால்டரிங் அயர்ன் நுனியில் உருக்கி, அந்தச் சொட்டைக் கொண்டுபோய்ப் பாகத்தின் காலில் அப்பிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தங்கச்சி, அது பசை இல்ல. முதல்ல காலும் பலகையில இருக்க செம்பும் சேந்து சூடாகணும். நுனியை ரெண்டும் தொடுற மாதிரி வையி. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணு. இப்ப ஈயத்தை எதிர்ப்பக்கத்துல தொடு. அதுவா ஓடும் பாரு."

ஓடியது. அந்த ஒரு நொடியைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வெள்ளைக் கம்பி திடீரென்று பாதரசம் மாதிரி மின்னி, காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, துளைக்குள் இறங்கி, மேலே சின்னக் கூம்பாக நிற்கும். பளபளவென்று இருந்தால் பிடித்துக்கொண்டது. மங்கலாக, உருண்டையாக, இலைமேல் தண்ணீர் நிற்கிற மாதிரி நின்றால் பிடிக்கவில்லை. அயர்னை எடுத்த பிறகு இரண்டு நொடி எதையும் அசைக்கக் கூடாது. நுனியை ஈரப் பஞ்சில் அடிக்கடி துடைக்க வேண்டும். கறுத்த நுனியில் சூடு இறங்காது. பலகையில் உள்ள செம்பு வட்டம் அழுத்தினால் பெயர்ந்து வந்துவிடும். புகை கண்ணிலும் மூக்கிலும் ஏறாமல் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். மின்விசிறி நேராக அடித்தால் ஈயம் சரியாகச் சூடாகாது, பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் போடக் கூடாது, அது ஈயம்.

பலகையில் குட்டையானவற்றை முதலில் வைக்க வேண்டும். படுத்திருக்கும் ரெசிஸ்டர், டயோடு, பிறகு ஐசி உட்காரும் சாக்கெட், பிறகு கெபாசிட்டர்கள், கடைசியாகப் பொத்தான்களும் குமிழ்களும். உயரமானதை முதலில் வைத்துவிட்டால் பலகையைக் கவிழ்க்கும்போது குட்டையானவை துளையிலிருந்து நழுவும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரில் நீண்ட கால் பாசிட்டிவ், உடம்பில் வெள்ளைப் பட்டை உள்ள பக்கம் நெகட்டிவ். அதை மாற்றி வைத்தால் சூடேறி வெடிக்கக்கூடும். டயோடில் கறுப்புக் கோடு எந்தப் பக்கம் என்று பலகையில் வரைந்திருப்பார்கள், ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஐசியைச் சொருகாமல் மின்சாரம் கொடுத்து, சாக்கெட்டில் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்தேன். வந்தது. மின்சாரத்தை எடுத்துவிட்டு, ஐசியின் பிறைக் குழியும் சாக்கெட்டின் பிறைக் குழியும் ஒரே பக்கம் இருப்பதைப் பார்த்து, கட்டைவிரலால் அழுத்தினேன். சின்ன ஸ்பீக்கரை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் இல்லை. எல்இடி எரிகிறது, சத்தம் இல்லை.

இரண்டு ராத்திரி போனது. ஒவ்வொரு ஈயப்பற்றையும் மறுபடி சூடாக்கினேன். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு கோட்டையும் தொட்டுப் பார்த்தேன். ஜாக் சரி, கெபாசிட்டர் சரி. மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தில் ஐசியைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு கால் துளைக்குள் போகாமல், உள்பக்கமாக மடங்கி ஐசியின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் எல்லாக் காலும் ஒழுங்காக உட்கார்ந்த மாதிரியேதான் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பதாவது கால். கிரிஸ்டலில் இருந்து 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு உள்ளே வருகிற வாசல் அது. அது இல்லாமல் ஐசிக்கு நேரமே ஓடாது, நிரலில் ஒரு வரிகூட நகராது. சன்னமான இடுக்கியால் காலை நிமிர்த்தினேன். புது ஐசியின் கால்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் விரிந்துதான் வரும். சொருகும் முன் மேசையில் பக்கவாட்டாகப் படுக்கவைத்து மெல்ல அழுத்தி, கால்களை நேராக்கிக்கொண்டால் இந்தக் கஷ்டம் வராது.

முதல் சத்தம் வந்தபோது பட்டாலையில் யாரும் இல்லை. ஒரு தட்டையான, கொஞ்சம் மூக்கடைத்த "பாஆ". நான் அழுதுவிட்டேன். பணியாரச் சட்டியில் கிடந்த துண்டு துணுக்கெல்லாம் சேர்ந்து வாய் திறந்து பேசிய மாதிரி இருந்தது.

அடுத்த கால்மணியில் அதன் பின்னாலேயே ஒரு "ம்ம்ம்" கேட்க ஆரம்பித்தது. போன் சார்ஜரில் இருந்து மின்சாரம் எடுத்தேன், ஸ்பீக்கரும் அதே சுவரில் இன்னொரு சார்ஜரில் இருந்தது. இரண்டு வழியாகவும் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டது. பவர் பேங்கில் மாட்டியதும் இரைச்சல் போய்விட்டது, ஆனால் அரை நிமிஷத்தில் பெட்டியும் அணைந்துவிட்டது. மறுபடி ஆன் செய்தால் மறுபடி அணைகிறது. மறுபடி ஒரு ஈயப்பற்று விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். காரணம் அது இல்லை. என் பெட்டி எடுப்பது சுமார் 20 மில்லி ஆம்பியர். அவ்வளவு கொஞ்சமாக எடுத்தால் பல பவர் பேங்குகள் போன் நிறைந்துவிட்டது என்று எண்ணித் தாமாகவே நின்றுவிடும். கடைசியில் நான்கு ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரிகளை ஒரு உறையில் போட்டேன். ஒன்று 1.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 4.8. கச்சிதம். ஆனால் சாதாரண ஏஏ பேட்டரி நான்கை ஒருநாளும் போடாதீர்கள். அது 1.5 வீதம் 6 வோல்ட் ஆகிவிடும். இந்த ஐசி 5.5-க்கு மேல் ஓடுவதற்குச் செய்யப்பட்டது அல்ல.

பக்கத்து வீட்டுப் பையன், பத்து வயது, வந்து கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். "அக்கா, உள்ள ஙீன்னு ஒரு சத்தம்." எனக்குக் கேட்கவில்லை. அப்பத்தாவுக்கும் கேட்கவில்லை. அவன் சொன்னது உண்மைதான். ஐசியின் உள்ளே மின்சாரத்தை ஆன், ஆஃப் என்று வெட்டி வெட்டித்தான் ஒலியலை உருவாகிறது. கிட்டோடு வந்த நிரல் நொடிக்கு 16,384 தடவை வெட்டியது. குழந்தைகளின் காதுக்கு அது எட்டும். அதை 32,768 ஆக உயர்த்தினேன். யார் காதுக்கும் எட்டாது. அதற்கு விலை உண்டு. 16 மெகாஹெர்ட்ஸை 32,768-ஆல் வகுத்தால் 488. ஒலியின் ஏற்ற இறக்கத்தை 488 படிகளில்தான் சொல்ல முடியும், முன்பு இருந்ததில் பாதி. மெல்லிய ஒலிகள் கொஞ்சம் சொரசொரப்பாகும். குழந்தை முகம் சுளிக்காமல் கேட்பதற்கு அது போகட்டும் என்று விட்டேன். வெளியே போகும் வழியில் 270 ஓமும் 100 நானோஃபாரடும் சேர்ந்த வடிப்பி சுமார் 5.9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைத் தணிக்கிறது, அது சொரசொரப்பையும் கொஞ்சம் தேய்த்துவிடும்.

அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டிய நாள்தான் உண்மையில் வேலை தொடங்கிய நாள். எண்பது தாண்டிய மனுஷி. சிறு வயதில் வாத்தியார் வீட்டுக்கு வந்து வீணை சொல்லிக் கொடுத்திருக்கிறார். காரைக்குடி என்றாலே வீணைக்காரர்களுக்கு சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற அண்ணன் தம்பி நினைவுக்கு வருவார்கள். அண்ணன் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசிப்பவர். அந்தப் பேரைச் சொல்லித்தான் அப்பத்தாவை வீணைக்கு உட்கார வைத்தார்களாம். நான் ஒன்பதில் எட்டுப் பொத்தான்களில் மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்களை வைத்து, மூன்று கட்டை சுருதியில் சரளி வரிசை வாசித்தேன். இன்னொரு குமிழில் சட்ஜம் நின்று ஒலித்தது. அப்பத்தா கண்ணை மூடிக் கேட்டார்.

"சட்ஜம் சரி. பஞ்சமம் பரவாயில்ல. காந்தாரம் நடுங்குதே ஆத்தா. சுதி சேரலையே."

நடுங்குகிறதா? காந்தாரப் பொத்தானை அழுத்திப் பிடித்து, காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனேன். நடுங்கியது. சட்ஜத்தோடு சேரும்போது வேகமாக, பல்லி சொல்வது மாதிரி டகடகவென்று ஒரு அதிர்வு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்பத்தா சொன்னது அச்சு அசலாக இருந்தது. நிரல் எழுதியவர் மேல்நாட்டுக் கீபோர்டில் உள்ள மாதிரி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டியிருந்தார். மூன்று கட்டை சட்ஜம் 164.81 ஹெர்ட்ஸ். சமப் பங்கில் இந்த ராகத்துக்கு உரிய அந்தர காந்தாரம் 207.65-இல் விழுகிறது. சட்ஜத்துக்கு ஐந்துக்கு நாலு என்ற விகிதத்தில் இயல்பாகச் சேரும் காந்தாரம் 206.01. எந்த ஸ்வரத்தோடும் அதன் இரண்டு, மூன்று, நாலு மடங்கு அதிர்வெண்களும் உபஸ்வரங்களாகச் சேர்ந்து ஒலிக்கும். சட்ஜத்தின் ஐந்து மடங்கு உபஸ்வரம் 824.05, சமப் பங்குக் காந்தாரத்தின் நாலு மடங்கு உபஸ்வரம் 830.6. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நொடிக்கு ஆறேழு தடவை அடித்துக்கொள்ளும். அப்பத்தா நடுங்குகிறது என்றது அதைத்தான். பஞ்சமத்தில் வித்தியாசம் மிகச் சிறிது, இரண்டு நொடிக்கு ஒரு அலை. "பரவாயில்ல" என்ற சொல்லுக்குள் அந்த அளவும் இருந்தது.

மாற்றுவது கடினமில்லை. நிரலில் உள்ள அதிர்வெண் பட்டியலை அழித்துவிட்டு விகிதங்களை வைத்தேன். ரிஷபம் 16/15, காந்தாரம் 5/4, மத்திமம் 4/3, பஞ்சமம் 3/2, தைவதம் 8/5, நிஷாதம் 15/8. சட்ஜக் குமிழைத் திருகினால் எல்லாம் அதோடு சேர்ந்து நகரும். அப்பத்தா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தொடையில் தாளம் போட்டார். கர்நாடக இசைக்காக இந்த மாதிரிக் கிட் வாங்குபவர்கள் முதல் வேலையாக இந்தப் பட்டியலை மாற்றிவிடுங்கள். குமிழைத் திருகித் திருகி ஒலிநிறத்தை மாற்றிப் பார்ப்பதில் ஒரு மாதம் போக்கியிருந்தேன், அதையெல்லாம்விட இந்த ஆறு பின்னங்கள் அதிகம் செய்தன.

ஒலிநிறங்களில் எனக்குப் பிடித்தது மணி. ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையின் அதிர்வெண்ணை வேகமாக ஆட்டும் எஃப்எம் முறை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்தது, யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு 1983-இல் உலகமெல்லாம் கொண்டுபோனது. இரண்டு அலைகளின் விகிதம் 1, 2, 3 என்று முழு எண்ணாக இருந்தால் குழலோ ஆர்மோனியமோ மாதிரி இருக்கும். 1.4 என்று வைத்தால் வெண்கல மணி. ஆனால் வீணை வேண்டும் என்றால் வேறு வழி போக வேண்டும்.

அந்த வழியும் 1983-இல் வெளிவந்ததுதான். கெவின் கார்ப்ளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் என்ற இருவர் கண்டது, இன்றும் நினைக்க நினைக்க ஆச்சரியமாக இருக்கிறது. நினைவகத்தில் வரிசையாக 99 அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் தாறுமாறான எண்களைப் போட்டு நிரப்புங்கள், தந்தியை நகத்தால் மீட்டுவது அதுதான். பிறகு முதல் அறையில் உள்ளதை ஒலியாக அனுப்பிவிட்டு, அதையும் அதற்குச் சற்று முன் அனுப்பியதையும் கூட்டி இரண்டால் வகுத்து அதே இடத்தில் திரும்ப வையுங்கள். இப்படி வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டே இருங்கள். சராசரி எடுக்க எடுக்கக் கூரான ஒலிகள் முதலில் மங்கி, அடி ஒலி கடைசிவரை நின்று தேயும். நிஜத் தந்தியில் நடப்பதும் இதுவே. சைன் அலை இல்லை, பெருக்கல் இல்லை, கூட்டலும் வகுத்தலும்தான். 2 கிலோபைட்டுக்குள் தாராளமாக அடங்கும். அறைக்கு இரண்டு பைட் என்றாலும் 198 பைட்டில் மூன்று கட்டை சட்ஜம்.

அது முதலில் ஒலித்தபோது அப்பத்தா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "தந்தி மாதிரி இருக்கே" என்றார். மேல் ஸ்தாயிப் பொத்தானை அழுத்தி மேலே போனேன். அங்கே முகம் மாறியது.

"மேல் சட்ஜம் ஏறி நிக்குது. அதுக்கு மேல பஞ்சமம் இறங்கிக் கிடக்கு. மெட்டு இடம் மாறிப்போன வீணை மாதிரி இருக்கு ஆத்தா."

மெட்டு இடம் மாறிப்போனது. இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. வெட்டுவது 32,768 தடவை என்றாலும், என் பெட்டி நொடிக்கு 16,384 எண்களைத்தான் அனுப்புகிறது. கீழ் சட்ஜத்துக்கு 99 அறையும் சராசரி எடுப்பதால் வரும் அரையும் சேர்ந்து 99.5. வேண்டியது 99.41. ஒட்டிவிடுகிறது. மேல் சட்ஜத்துக்கு வேண்டியது 49.70, கிடைப்பது 49.5, அதனால் 7 சென்ட் ஏறிவிடுகிறது. அதற்கு மேல் பஞ்சமத்துக்கு வேண்டியது 33.14. 33.5 வைத்தால் 19 சென்ட் இறங்குகிறது, 32.5 வைத்தால் அதைவிட மோசமாக ஏறுகிறது. அரை ஸ்வரம் 100 சென்ட் என்றால் 19 சென்ட் எவ்வளவு பெரிய பிசகு என்று பாருங்கள். அறைகள் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். மெட்டை நினைத்த இடத்தில் வைக்க முடியாமல், விரல்கடை விரல்கடையாகத்தான் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் வீணை எப்படி இருக்கும்? கீழே இடம் அகலம், பிசகு தெரியாது. மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கும், பிசகு கத்தும்.

இதற்கும் மருந்து இருக்கிறது. டேவிட் ஜாஃபி, ஜூலியஸ் ஸ்மித் இருவரும் அதே 1983-இல் காட்டியது. வட்டத்துக்குள் ஒரு சின்ன ஆல்பாஸ் வடிப்பியைச் சேர்த்தால் ஒலியின் நிறத்தைத் தொடாமல் ஓர் அறையின் பின்னப் பகுதி அளவு தாமதம் மட்டும் தரும். மேல் பஞ்சமத்துக்கு 32 அறை, சராசரியால் வரும் அரை, மீதி 0.64 இந்த வடிப்பி. கூட்டினால் 33.14. நிரலில் மூன்று வரி. எழுதிச் சரிபார்க்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. முடித்து வாசித்தபோது அப்பத்தா எழுந்து போய் இரண்டாம் கட்டு அறைக் கதவைத் திறந்தார். வீணை உறையை விலக்கிப் பார்த்தார் போலிருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை.

ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இல்லாமல் எட்டுப் பொத்தான் என்ன செய்யும்? தோடி ராகத்தில் காந்தாரம் நின்று ஒலிக்காது, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசையும். பொத்தானால் அது வராது. ஐந்தாவது குமிழைக் கழற்றிவிட்டு அந்த மூன்று துளைகளில் இருந்து கம்பி இழுத்து, 60 மில்லிமீட்டர் நீளமுள்ள நேர்கோட்டு ஸ்லைடர் ஒன்றை வைத்தேன். வாங்கும்போது உடம்பில் பி10கே என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏ என்று தொடங்கினால் அது சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விரிந்தும் இருக்கும். சுருதிக்கு ஆகாது.

ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதுதான் ஜாரு. முதல் ஜாரு படிக்கட்டில் இறங்கியது மாதிரி வந்தது. நிரல் குமிழ்களை நொடிக்கு 64 முறைதான் எட்டிப் பார்க்கிறது. விரல் மத்திமத்திலிருந்து ரிஷபத்துக்கு வேகமாக இறங்கும் நேரத்தில் ஏழெட்டுப் படிகள்தான் கிடைக்கின்றன. அதை 256 ஆக்கினேன். ஒவ்வொரு முறையும் சுருதி இலக்குக்கு நேரே தாவாமல், மீதமுள்ள தூரத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டும் நகரும்படி வைத்தேன். ஸ்லைடரின் நடுக்காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் கை வைக்காத நேரத்தில் சுருதி தானாகத் துடிப்பதும் நிற்கும். ஜாரு வழுக்கியது.

அப்பத்தா ஸ்லைடரைத் தொட்டுப் பார்த்தார். முதலில் அதை நேராகத் தள்ளாமல், விரலை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தார். வீணையில் தந்தியை மெட்டின் மேல் வளைப்பது அப்படித்தானே. பிறகு புரிந்துகொண்டு மெல்ல மேலும் கீழும். நகம் வெட்டாத ஆள்காட்டி விரல். இரண்டு மில்லிமீட்டர்கூட அசைந்திருக்காது. "வேகமா ஆட்டாத. மத்திமத்தைத் தொட்டுட்டு வா, அங்க தங்காத" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே தானே செய்தார். என் கையில் இரண்டு வாரமாக வராத காந்தாரம் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வந்தது.

வாசிக்கும் இடத்தைப் பற்றி ஒன்று. பட்டாலையின் சுண்ணாம்பு பூசிய சுவரும் கல் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். நிரலில் உள்ள எதிரொலியையும் சேர்த்தால் ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழியும். எதிரொலிக் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டேன், வீடே அதைச் செய்கிறது. வளவின் திறந்த முற்றத்தின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும். இயர்போனில் கேட்பவர்கள் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். நிரலை மாற்றும்போது சில சமயம் முழு வலுவில் ஒரு வெடிப்பு வரும், காதுக்கு ஆபத்து.

இப்போது தினமும் காலையில் அப்பத்தாவே சுவிட்சைப் போடுகிறார். மூன்று கட்டையில் ச, ப, மேல் ச, மறுபடி ப. மூன்று தந்திகளைத் தனித்தனி வட்டங்களில் ஓடவிட்டு, அடுத்தடுத்து தானாக மீட்டும்படி எழுதிக் கொடுத்தேன். அது ஓடிக்கொண்டிருக்கையில் வெறும் குரலில் வர்ணம் முணுமுணுக்கிறார். போன வாரம் வீணையைப் பட்டாலைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஏழு தந்தியில் சாரணி என்ற முதல் தந்தி ஒன்றுதான் முறுக்கினால் தாங்குகிறது. தந்தியை முறுக்கும் பிருடையை மெல்லத் திருகி, பெட்டியின் சட்ஜத்தோடு சேர்த்துப் பார்த்தார். மெழுகு வெடித்த இடத்தில் மெட்டுகள் ஆடுகின்றன. தஞ்சாவூரில் மேளம் கட்டுகிற, அதாவது வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிற ஒருவரிடம் பேசியிருக்கிறேன், ஆடி கழிந்து வருகிறேன் என்றிருக்கிறார்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். பக்கவாட்டில் உள்ள மூன்று தாளத் தந்திகளையும் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டுமாம், சுண்டுவிரலால் மீட்டுகிற மாதிரி ஒரு பொத்தானோடு. பலகையில் இன்னும் இரண்டு கால்கள் காலியாக இருக்கின்றன. நேற்று அண்ணன் கடையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் இருந்து அகலமான பொத்தான் ஒன்றைக் கழற்றி வாங்கி வந்தேன். பணியாரச் சட்டியில் கிடக்கிறது.